உயர மறுக்கும் கை

இறாக்கையின் மேற்றட்டிலுள்ள பாத்திரத்தை எடுக்க முயலும்போது தோளில் சுருக்கென்று வலி. தலை வாரவும் சட்டை அணியவும் தயக்கம். இரவில் அப்பக்கம் சரிந்து படுத்தால் உறக்கமில்லை. நடுவயதைக் கடந்தோர் பலர் இதனை வாதம் என்றெண்ணிக் கையை அசையாது வைத்திருப்பர். அதனால் தோள் இறுகி மேலும் நலியும்.

தோள்மூட்டு, ஆழமற்ற குழியில் அமர்ந்த பந்து போன்றது. அதனை நிலைநிறுத்துவன நான்கு தசைகள். அவற்றுள் மேலுள்ள தசையின் நார், புய எலும்பின் தலைக்கும் தோட்பட்டை எலும்பின் கூரை போன்ற முனைக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வழியிற் செல்கின்றது. உராய்வைத் தணிக்கும் மெல்லிய பையொன்றும் அங்குண்டு. சுவருக்கு வெள்ளையடித்தல், பந்தெறிதல் போன்று கையைப் பலகாலும் உயர்த்தும் வேலையாலோ முதுமையாலோ நார் நலிவுறும். நாரும் பையும் நெரிந்து நோவுண்டாகும் என்பர்.

வைத்தியர் கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொல்வார். ஏறத்தாழ 60 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையே வலித்து, அப்பால் தணியுமாயின் இந்நோயென ஐயுறலாம். பிறர் தூக்கினாலும் கை உயராவிடின் அது உறைதோளாகலாம். விழுந்தபின் திடீரெனக் கை தூக்க இயலாவிடின் நார் அறுந்திருக்கலாம். தோள்வலியுடன் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

1972 இல் அமெரிக்க வைத்தியர் சாள்ஸ் நீயர், எலும்புக்கூரையே நாரை நெரிக்கின்றது என விளக்கி, அதன் அடிப்பகுதியைச் செதுக்கும் சத்திரசிகிச்சையை விவரித்தார். அம்முறை பல நாடுகளிற் பரவிற்று. ஆயின் பிரித்தானியாவிலும் பின்லாந்திலும் நடந்து 2018 இல் வெளியான இரு ஆய்வுகளில், எலும்பு செதுக்கப்பட்டோருக்கும், மூட்டினுள்ளே கருவியால் நோக்கியதோடு விடப்பட்டோருக்கும் இடையே நோயாளர் உணரத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நெரிவு மட்டுமே காரணமன்று என்பது இதனாற் புலனாயிற்று.

ஆகவே முதற் சிகிச்சை பயிற்சியே. வலியைத் தூண்டும் வேலையைச் சிலகாலம் குறைத்து, பௌதிக சிகிச்சையாளர் காட்டும் பயிற்சிகளைப் படிப்படியாகச் செய்து தசையை வலுப்படுத்தவேண்டும். பயிற்சியின்போது தோன்றி விரைவில் தணியும் சிறுவலி தீங்கின் அறிகுறியன்று. ஸ்டெரொயிட் ஊசிமருந்து சில வாரங்களுக்கு நோவைத் தணிக்கும். அது பயிற்சிக்குத் துணையேயன்றி மாற்றன்று. பயன் தெரிய 12 வாரங்கள்வரை செல்லலாம். அதுவரை பொறுத்துப் பயின்றோர் பலரின் கை மீண்டும் மேற்றட்டை எட்டுகின்றது.