பான்டியாக் ஜிடிஓ: விதியின் இடைவெளியில் நுழைந்த எஞ்சின்

பான்டியாக் நிறுவனம் 1964-ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட ஜிடிஓ, அமெரிக்க மசில் கார் வகைக்கு வழி திறந்த வண்டியாக வாகன வரலாற்றாசிரியர்கள் பலராலும் கருதப்படுகிறது. பெரிய கார்களுக்கென உருவான எட்டு சிலிண்டர் எஞ்சினை எடை குறைந்த நடுத்தரக் காரில் பொருத்தி, நேர்ச்சாலை வேகத்தையே முதன்மை நோக்கமாக்கி, இளம் சம்பளக்காரர்களுக்கும் எட்டும் விலையில் விற்கப்பட்ட வண்டியே மசில் கார் எனப்பட்டது. இந்த இலக்கணத்தில் புதிய கண்டுபிடிப்புக்கு அதிக இடமில்லை; ஜிடிஓவின் முக்கியப் பாகங்களில் பெரும்பாலானவை பான்டியாக்கிடம் ஏற்கெனவே இருந்தவைதாம்.

தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், 1963 ஜனவரியில் தன் பிரிவுகள் அனைத்தும் கார்ப் பந்தயங்களிலிருந்து விலக வேண்டுமென ஆணையிட்டபோது, பந்தய வெற்றிகளைக் காட்டியே இளைஞர்களை ஈர்த்துவந்த பான்டியாக்குக்கு விற்பனையின் அடித்தளமே ஆட்டம் கண்டது. தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடன் பணியாற்றிய பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகியோரும் கண்ட மாற்று வழி எளியது. நடுத்தரக் காரான டெம்பெஸ்ட்டில் பொருத்தப்பட்ட 326 கன அங்குல எஞ்சினும் பெரிய கார்களின் 389 கன அங்குல எஞ்சினும் வெளிப்புற அளவில் ஒத்தவை. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரமும் இரண்டிலும் ஒன்றே, சிலிண்டரின் விட்டம் மட்டுமே வேறு. ஆகவே பெரிய எஞ்சினைச் சிறிய காரின் அதே தாங்கிகளில், சட்டத்தை வெட்டி ஒட்டாமல், அப்படியே அமர்த்த முடிந்தது.

தடையாக நின்றது நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற நிறுவன விதி. புதிய மாதிரிக்குத்தான் மேலிடத்தின் ஒப்புதல் தேவை, விருப்பத் தொகுப்புக்குத் தேவையில்லை என்ற இடைவெளியைப் பயன்படுத்தி, ஜிடிஓவைத் தனி மாதிரியாக அல்லாமல், டெம்பெஸ்ட் வரிசையின் லெமான்ஸ் காருக்கு ஏறத்தாழ 296 டாலர் கூடுதலாகச் செலுத்திப் பெறும் தொகுப்பாக அறிவித்தனர். பொறியியல் துணிச்சலைவிட விதியின் வாசகத்தை நுணுகிப் படித்த சாமர்த்தியமே இதில் மிகுதி. முதலில் 5,000 வண்டிகளுக்கு மட்டும் இசைந்த விற்பனைப் பிரிவு, அந்த ஓராண்டிலேயே 32,450 வண்டிகளை விற்றது.

6.4 லிட்டர் கொள்ளளவுள்ள அந்த எஞ்சின், எரிபொருளும் காற்றும் கலந்து செல்லும் நான்கு வாய்க் கார்புரேட்டருடன் 325 குதிரைத்திறனைத் தந்தது. கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் அமுக்க விகிதம் 10.75-க்கு 1 என உயர்ந்திருந்ததால் உயர்தரப் பெட்ரோல் கட்டாயமாயிற்று. சக்கரத்தைச் சுழற்றும் உந்தலாகிய முறுக்குவிசை, நிமிடத்துக்கு 3,200 சுழற்சிகளிலேயே உச்சத்தை எட்டியதால், எஞ்சினை அலறவிடாமலே வண்டி பாய்ந்தது. கூடுதல் விலைக்குக் கிடைத்த 'டிரை பவர்' அமைப்பில் இரண்டு வாய்க் கார்புரேட்டர்கள் மூன்று இருந்தன; சாதாரண ஓட்டத்தில் நடுவிலுள்ளது மட்டும் இயங்க, மிதியை ஆழ அழுத்தும்போது மற்ற இரண்டும் திறந்து 348 குதிரைத்திறன் வெளிப்பட்டது. ஹர்ஸ்ட் கியர் நெம்புகோலும் இறுக்கமான ஸ்பிரிங்குகளும் உண்மையான மேம்பாடுகள். முன்மூடியிலிருந்த காற்றுத் துளைகள் மட்டும் வெறும் அலங்காரம்.

இத்தனை வேகத்தை நிறுத்த நான்கு சக்கரங்களிலும் 9.5 அங்குல டிரம் பிரேக்குகளே இருந்தன. உருளைக்குள்ளிருந்து பட்டைகள் உரசும் இவ்வகைப் பிரேக், வெப்பத்தை எளிதில் வெளியேற்றாமல் அடுத்தடுத்த பயன்பாட்டில் பிடிமானத்தை இழக்கும். முன்சக்கர டிஸ்க் பிரேக் 1967-இல்தான் விருப்பத் தேர்வாக வந்தது. இந்தத் தாமதத்தை மன்னிப்பது கடினம்.

'கார் அண்ட் டிரைவர்' இதழ் 1964 மார்ச்சில் வெளியிட்ட சோதனையில், ஜிடிஓ மணிக்கு 60 மைல் வேகத்தை 4.6 வினாடிகளில் எட்டியதாகச் சொல்லப்பட்டது. ஆனால் அவ்வண்டியில் இருந்தது 421 கன அங்குல எஞ்சின் என்பதை, ஜிடிஓவின் விளம்பரத்தை நடத்திய ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொண்டார்.

1966-இல் 96,946 எனும் உச்சத்தைத் தொட்ட விற்பனை, காப்பீட்டுக் கட்டண உயர்வாலும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களாலும் பின்னர் சரிந்தது; 1971-இல் அமுக்க விகிதமும் குறைக்கப்பட்டது. கடைசி மாதிரியான 1974-ஆம் ஆண்டு வண்டியில் 200 குதிரைத்திறன் கொண்ட 350 கன அங்குல எஞ்சினே இருந்தது. எனினும் இந்த 200-ஐ முந்தைய 325-உடன் நேராக ஒப்பிடுவது பிழை. 1964-இன் கணக்கு, காற்று வடிகட்டியும் வண்டியின் புகைக்குழாயும் இல்லாமல் சோதனை மேடையில் எடுத்த மொத்தத் திறன்; 1972 முதல் வழக்கில் வந்த நிகரத் திறனோ, அவை அனைத்தும் பூட்டப்பட்ட நிலையில் அளக்கப்பட்டது.