கலத்தின் அளவும் கொள்ளும் பொருளும்: 'சி' மொழியிற் சொற்சரங்களைப் பிழையறக் கையாளுதல்

கலத்தின் அளவறியாது நீர் வார்ப்பவன் தன் காலடியை நனைத்துக் கொள்வான். கணினியின் நினைவகத்திலே அளவறியாது எழுத்துகளை வார்ப்பவனோ, பிறர் உடைமைக்கும் ஊறு விளைப்பான். இவ்வூறு யாது, அஃது எவ்வாறு நிகழ்கின்றது, அதனைத் தவிர்க்கும் நெறி எது என்பனவற்றை ஈண்டு சுருங்கக் கூறுவாம். கணினித் துறையிலே பணிபுரியும் பழைய மாணவர்க்கு இவற்றுட் சில அறிந்தனவே. எனினும் இன்று நிரலெழுதப் பழகும் இளைஞர்க்கு அவை பயன்படும் என்பது எம் துணிபு.

'சி' மொழி, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி என்பவரால் 1972 ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்டது. யுனிக்ஸ் இயங்குதளத்தை எழுதுதற்கென வளர்ந்த இம்மொழி, ஐம்பது ஆண்டுகளின் பின்னரும் வழக்கொழிந்திலது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவும், இன்று மாணவர் விரும்பிக் கற்கும் பைதன் மொழியின் முதன்மையான இயக்கியும் 'சி' மொழியிலேயே எழுதப்பட்டுள்ளன. விரைவே இதன் சிறப்பு. அவ்விரைவுக்குக் கொடுக்கும் விலையாதெனின், நிரலாளர் சொல்வதை இம்மொழி அவ்வண்ணமே நம்பிச் செய்துவிடும் என்பதே. கலம் நிறைந்ததா என்று அது தானாகப் பார்ப்பதில்லை.

முதலில், 'சி' மொழியிற் சொற்சரம் எவ்வாறு வைக்கப்படுகின்றது என அறிதல் வேண்டும். சரத்தின் நீளம் எங்கும் குறித்து வைக்கப்படுவதில்லை. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக பைற்றுகளில் நிற்க, இறுதியிலே பூச்சியப் பெறுமானமுள்ள பைற்று ஒன்று எல்லைக்கல்லாக நிற்கும். ஆகவே ஆங்கில எழுத்து ஆறுள்ள ஒரு சொல்லுக்கு ஏழு பைற்றுகள் வேண்டும். அவ்வேழாவது பைற்றை மறந்தோர் பலர். மறந்ததனால் விளைந்த கேடுகளும் பல.

எழுத்துகளைத் தற்காலிகமாக இட்டு வைக்கும் இடத்திற்குப் பஃபர் என்று பெயர். அது நிறைந்த பின்னரும் எழுதிக்கொண்டே போனால், அடுத்துள்ள நினைவிடத்தின் மேல் எழுத்துகள் ஏறும். அவ்விடத்தில் வேறொரு மாறியின் பெறுமானம் இருக்கலாம். அன்றேல், நடைபெறும் சார்பு முடிந்ததும் எவ்விடத்துக்கு மீளவேண்டும் என்ற முகவரி இருக்கலாம். அம்முகவரியைத் தான் விரும்பியவாறு மாற்றவல்ல ஒருவன், அக்கணினியையே தன் ஏவலுக்கு உட்படுத்துவான்.

இது வெறுங் கற்பனையன்று. 1988 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள், கோர்ணெல் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவரான றொபேட் மொறிஸ் என்பவர் தாமே பரவும் செய்நிரல் ஒன்றை வலையமைப்பிற் செலுத்தினார். அது பரவிய வழிகளுள் ஒன்று, 'ஃபிங்கர்' எனும் சேவையை வழங்கிய செய்நிரலில் இருந்த குறையாகும். அச்செய்நிரல் 512 பைற்றுப் பஃபர் ஒன்றினுள் 'கெட்ஸ்' என்ற சார்பின் மூலம் உள்ளீட்டை வாங்கியது. அச்சார்புக்குப் பஃபரின் அளவைச் சொல்ல வழியே இல்லை. வருவதனைத்தையும் அது வார்த்துவிடும். ஆயிரக்கணக்கான கணினிகள் செயலிழந்தன. அம்மாணவர் 1990 இல் தண்டம் விதிக்கப்பெற்றார். 'கெட்ஸ்' சார்போ 2011 ஆம் ஆண்டின் 'சி' நியமத்தினின்றும் அறவே நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, அளவையும் கேட்டறியும் 'எஃப்கெட்ஸ்' சார்பையே ஆளுதல் வேண்டும்.

இனிச் சரங்களை வடிவமைத்தல் பற்றிக் காண்பாம். எண்களையும் பெயர்களையும் கோத்து ஒரு சரமாக்குதற்கு 'எஸ்பிரின்ட்எஃப்' என்ற சார்பு நெடுங்காலம் வழங்கிவந்தது. அதுவும் அளவறியாதது. 32 பிற்று முழுவெண் ஒன்று, குறை அடையாளத்துடன் 11 இடங்கள் வரை கொள்ளும். எல்லைக்கல்லையும் சேர்த்தால் 12. பத்து இடம் போதும் என்று எண்ணியவர், சிறிய எண்கள் வரும்வரை குறையொன்றும் காணார். பெரிய எண் வரும் நாளிலேயே கேடு வெளிப்படும். 1999 ஆம் ஆண்டின் நியமத்தில் இடம்பெற்ற 'எஸ்என்பிரின்ட்எஃப்' பஃபரின் அளவைக் கேட்டு, அதற்கு மேல் எழுதாது, இறுதியிற் பூச்சியத்தையும் தவறாது இடும்.

அச்சார்பு திருப்பித் தரும் எண்ணே அதன் உயிர்நிலை. உண்மையில் எழுதியது எத்தனை என்பதை அது சொல்வதில்லை. இடம் இருந்திருப்பின் எத்தனை பைற்று எழுதியிருக்கும் என்பதையே சொல்லும். அவ்வெண் பஃபரின் அளவுக்குச் சமமாயினும் மிகினும், சரம் வெட்டுண்டது என்பது பொருள். குறையெண் வந்தால் வழு நேர்ந்தது என்க. இதனை நோக்காது, வந்த எண்ணை முன்னைய இடத்தோடு கூட்டி, அளவிலிருந்து கழித்து, மேலும் மேலும் எழுதுவோர் உளர். சரம் வெட்டுண்டவிடத்து அக்கழித்தலின் விடை பூச்சியத்திற்குக் கீழே போகும். அளவைக் குறிக்கும் வகையோ குறையெண்ணை அறியாதது. ஆதலின் அது மிகப் பெரியதோர் எண்ணாக மாறிவிடும். காவலனே கதவைத் திறந்துவிட்டமை போலாம் அது.

பெயரிலே 'என்' எழுத்து இருப்பதனால் மட்டும் ஒரு சார்பு காப்புடையதாகாது. 'ஸ்டிர்என்கொப்பி' என்பது மூலச்சரம் கொடுத்த அளவுக்குச் சமமாகவோ நீண்டோ இருப்பின் எல்லைக்கல்லை இடாது விட்டுவிடும். அன்றியும், பஃபரின் அளவை அறிய 'சைஸ்ஒஃப்' என்பதை ஆள்வோர், கையிலிருப்பது அணியா சுட்டியா என நோக்குக. 64 பிற்றுக் கணினியிலே சுட்டியின் அளவு 8 பைற்று. அது காட்டும் இடம் எவ்வளவு பெரிதாயினும் விடை எட்டே.

இன்னுமொரு பொறி உண்டு. பயனர் தந்த பெயரை அச்சிடும்போது, அப்பெயரையே 'பிரின்ட்எஃப்' சார்பின் வடிவச் சரமாகக் கொடுத்தல் பெருந்தவறு. பெயரினுள் நூற்றுவீதக் குறியுடன் 'என்' எழுத்து இருப்பின், அச்சார்பு நினைவகத்தில் எழுதவே தொடங்கிவிடும். 2000 ஆம் ஆண்டிலே பரவலாக ஆளப்பட்ட கோப்புப் பரிமாற்றச் சேவைச் செய்நிரல் ஒன்றில் இக்குறை கண்டறியப்பட்டது. வடிவத்தை நிரலாளரே எழுதுக. பயனரின் சொல் அதனுட் பொருந்தும் பொருளாக மட்டும் நிற்க.

நிற்க, தமிழருக்கே உரியதொரு செய்தி உளது. யுனிக்கோட் முறையின் யூரிஎஃப்-8 வடிவில், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்றும் உயிர்க்குறிக்கு ஒன்றும், புள்ளிக்குத் தனியே ஒன்றும் வேண்டும். 'யாழ்ப்பாணம்' என்ற சொல் நம் கண்ணுக்கு ஆறெழுத்து, குறியீடுகளோ பதினொன்று, பைற்றுகள் 33, எல்லைக்கல்லுடன் 34. இருபது பைற்றுப் பஃபரில் இதனை இட்டால் ஆறு குறியீடுகளும், ஏழாவதன் முதற் பைற்றும் நின்று, அதன்பின் சரம் அறும். திரையிலே பொருளற்ற குறியொன்று தோன்றும். பதினாறு பைற்றாயின் ஐந்து குறியீடுகள் குறைவின்றி நிற்கும். ஆயினும் 'ப்' தன் புள்ளியை இழந்து, 'யாழ்ப' என்றாகும். கணினிக்கு இதிற் பிழையில்லை, தமிழுக்குப் பிழையுண்டு. ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு மட்டுமே சோதிக்கப்பட்ட செய்நிரல், ஒருவரின் பெயரைச் சான்றிதழிற் சிதைத்து அச்சிடும் விதம் இதுவே.

இதற்கு நேரிய வழி, முதலில் அளந்து பின்னர் இடம் பெறுதல். 'எஸ்என்பிரின்ட்எஃப்' சார்புக்கு வெறுஞ் சுட்டியையும் பூச்சிய அளவையும் கொடுத்தால், ஒன்றும் எழுதாது தேவையான நீளத்தை மட்டும் அது தரும். அதனோடு ஒன்றைக் கூட்டி அவ்வளவு இடம் கேட்டு, இடம் கிடைத்ததா எனப் பார்த்து, பின்னர் எழுதுக. வேலை முடிந்ததும் அவ்விடத்தை மறவாது விடுவிக்க.

ஜாவா, பைதன் முதலான மொழிகள் எல்லையைத் தாமே காப்பன. ஆயினும் அவற்றின் அடித்தளத்திலே 'சி' நிற்குமளவும் இவ்வறிவு வேண்டப்படும். ஆதலின் மாணாக்கர், தொகுப்பியின் எச்சரிக்கைகளைப் புறக்கணியாது, ஒவ்வொரு பஃபருக்கும் அளவையும், ஒவ்வொரு சார்பின் விடைக்கும் சோதனையையும் எழுதப் பழகுவாராக. தம் செய்நிரலைத் தமிழ்ப் பெயர்களாலும், மிக நீண்ட பெயர்களாலும், வெற்றுப் பெயராலும் சோதித்த பின்னரே பிறர் கையிற் கொடுப்பாராக.