இரைச்சலுக்குள் ஒரு குரலைத் தேடி



போர்க்காலத்தில் வடக்கில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிள் டைனமோவில்தான் வானொலி பேசியது. ஒருவர் பெடலைச் சுற்ற, இன்னொருவர் குமிழைத் திருப்பி இரைச்சலுக்குள் செய்தியைத் தேடுவார். அந்த இரைச்சல் உங்களில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

விஞ்ஞானிகளும் இதே வேலையை வானத்தை நோக்கிச் செய்து வருகிறார்கள். பூமிக்கு அப்பால் அறிவுள்ள உயிர்கள் இருந்தால், அவர்களின் வானொலி அலைகள் நமக்கு எட்டக்கூடும் என்பது அவர்களின் எண்ணம். 1960இல் அமெரிக்காவின் கிரீன் பாங்க் என்னுமிடத்தில் பிராங்க் டிரேக் என்பவர் இரண்டு நட்சத்திரங்களிடமிருந்து அலைகள் வருகின்றனவா என்று செவிமடுத்தார். பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் தேடல் நிற்கவில்லை.

அரிசியில் கல் பொறுக்கும் கணனி

இத்தேடலுக்குப் பெரிய தடை நாம்தான். நமது கைத்தொலைபேசி, செய்மதி, விமானம் யாவும் அலைகளை அனுப்புகின்றன. எனவே தொலைகாட்டியை நட்சத்திரத்தை நோக்கிச் சில நிமிடம் வைத்துவிட்டு, பின் வேறு பக்கம் திருப்புவார்கள். திருப்பிய பின்னும் அதே சத்தம் கேட்டால் அது நம் பூமியின் சத்தம்.

இந்தச் சோதனையின் அருமை திகனயில் வாழும் எங்களுக்கு விளங்கும். 2018 மார்ச்சில் இங்கு வன்முறை வெடித்தபோது வதந்திகள் கைத்தொலைபேசி வழியே பரவின. முகநூல் போன்றவற்றை அரசு தற்காலிகமாகத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்கிறது என்பதற்காக ஒரு சத்தம் உண்மையாகிவிடாது.

கோடிக்கணக்கான பதிவுகளை மனிதரால் பார்த்து முடிக்க முடியாது. இங்கேதான் இயந்திரக் கற்றல் உதவுகிறது. சுளகில் அரிசியைப் பரப்பி, கல் எது, அரிசி எது என்று பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்கிறோம் அல்லவா? அதுபோலப் பல உதாரணங்களைக் காட்டிக் கணனியைப் பழக்குகிறார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழக மாணவர் பீட்டர் மா, பாடசாலை நாட்களில் தொடங்கிய யோசனையை வளர்த்து, 820 நட்சத்திரங்களை 480 மணித்தியாலம் அவதானித்த கிரீன் பாங்க் பதிவுகளைத் தன் குழுவினருடன் இவ்வாறு சலித்தார். கணனி பொறுக்கித் தந்தவற்றை மனிதர்கள் கண்ணால் பார்த்து எட்டை மட்டும் தெரிவு செய்தனர். முடிவுகள் 2023இல் வெளியாயின.

அந்த நட்சத்திரங்களை மீண்டும் நோக்கியபோது எட்டில் ஒன்றும் திரும்ப வரவில்லை. ஆகவே வேற்றுலகத்தாரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. தேடலைக் கைவிடவுமில்லை, பதில் வேண்டும் என்ற ஆசையில் பொய்ச் சத்தத்தைப் பதிலாக ஏற்கவுமில்லை. காணாமற்போனவர்களைத் தேடும் சகோதரிகளுக்கு இவ்விரண்டும் எவ்வளவு கடினம் என்று தெரியும்.

ஒரு பெண்ணின் கண்

கணனி, தனக்குப் பழக்கியதை ஒத்தவற்றையே நன்றாகக் கண்டுகொள்ளும். எதிர்பாராத ஒன்றைக் காண மனிதக் கண் வேண்டும். 1967இல் கேம்பிரிட்ஜில், 24 வயது மாணவி ஜோசலின் பெல், நாளுக்கு ஏறத்தாழ 100 அடி நீளமான பதிவுத்தாளைக் கண்ணால் பார்த்துவந்தார். அதில் ஒரு சிறு கிறுக்கல் அவருக்குப் புதிராகப்பட்டது. சுமார் 1.3 செக்கனுக்கு ஒருமுறை தவறாமல் வந்த துடிப்பு அது. வேற்றுலகத்தாரோ என்று வேடிக்கையாக 'சின்னப் பச்சை மனிதர்' எனப் பெயரிட்டார்கள். அது பல்சார் எனும் சுழலும் நட்சத்திரம் என்று பின்னர் தெரியவந்தது.

1974இல் இதற்கான நோபல் பரிசு அவருக்கு அல்ல, அவரது பேராசிரியருக்கே வழங்கப்பட்டது. 2018இல் வேறொரு பெரும் பரிசாக 30 இலட்சம் டொலர் கிடைத்தபோது, பௌதிகவியல் ஆய்வாளராக விரும்பும் பெண்கள், சிறுபான்மையினர், அகதிகள் ஆகியோரின் படிப்புக்காக அவர் அதை முழுவதுமாகக் கொடுத்துவிட்டார்.

அகதிகள் என்ற சொல்லை நாம் வேறு எங்கெங்கோ கேட்டிருக்கிறோம். வானத்தை ஆராய வருபவர்களின் பட்டியலிலும் அது இருக்கிறது. கணிதத்தில் விருப்பமுள்ள மகள் உங்கள் வீட்டில் இருந்தால், இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.