வருஷத்துக்கு ஒரு தடவை தோல் உரிக்கும் 'பைத்தான்': பழசை படித்து ஏமாறாமல் இருப்பது எப்படி?

சென்னை:

'பையனை பைத்தான் கோர்சில் சேர்த்து விட்டால் போதும். ஐ.டி. கம்பெனியில் வேலை நிச்சயம்' என்ற பேச்சு இப்போது டீக்கடை வரை வந்து விட்டது. காது கம்மலை அடகு வைத்து பீஸ் கட்டும் பெற்றோரும் உண்டு.

ஆனால் பைத்தான் ஒரு தடவை படித்ததும் முடிந்து போகும் சமாச்சாரம் அல்ல. வருஷத்துக்கு ஒரு முறை அது புது தோலோடு வருகிறது. இது தெரியாமல் பழசையே படித்தால் பீசும் போச்சு, நாளும் போச்சு.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பாம்பு அல்ல, காமெடி

பைத்தான் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழி. நெதர்லாந்து நாட்டை சேர்ந்த கைடோ வான் ராசம் என்பவர் 1989-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் லீவில் பொழுது போகாமல் இதை எழுத ஆரம்பித்தார். 1991-ல் வெளியிட்டார்.

பெயரை பார்த்து மலைப்பாம்பு என்று பயப்பட வேண்டாம். 'மான்ட்டி பைத்தான்' என்ற பி.பி.சி. டி.வி. காமெடி நிகழ்ச்சியின் பெயரைத்தான் அவர் வைத்தார்.

படிக்க சுலபம், விலையும் இல்லை. இன்ஸ்டாகிராமின் பின்னணியில் ஓடுவது இதுதான். 'ஏ.ஐ.' எனப்படும் செயற்கை நுண்ணறிவு வேலைகளிலும் இதுதான் ராஜா. 2019-ல் வந்த தமிழக பிளஸ்-2 கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்திலும் பைத்தான் பாடம் இடம் பெற்றது.

அரை ரூபாயை விழுங்கிய பழசு

2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தது. பழைய பைத்தான் 2-ல் எழுதிய பல புரோகிராம்கள் இதில் அப்படியே ஓடவில்லை.

உதாரணத்துக்கு, 7 ரூபாயை 2 பேருக்கு பிரித்தால் ஆளுக்கு மூன்றரை ரூபாய். ஆனால் பழைய பைத்தானில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்றுதான் விடை வரும். அரையை விழுங்கி விடும். புதியது சரியாக 3.5 என்று காட்டும்.

திரையில் எழுத்தை காட்ட 'பிரிண்ட்' என்ற கட்டளை உண்டு. பழசில் அடைப்புக்குறி தேவை இல்லை. புதுசில் அடைப்புக்குறி கட்டாயம். இதில் தப்பு செய்தால் கம்ப்யூட்டர் உடனே சத்தம் போட்டு விடும். ஆனால் வகுத்தல் கணக்கில் சத்தமே வராது. தப்பான விடை சைலண்டாக உள்ளே போய் உட்கார்ந்து விடும். அதுதான் ஆபத்து.

தமிழுக்கும் இதில் லாபம் உண்டு. 'அ' என்ற ஒரே எழுத்தை பழைய பைத்தான் 3 என்று எண்ணியது. கம்ப்யூட்டருக்குள் அந்த எழுத்து 3 துண்டாக பதிவாவதே காரணம். புதியது அதை ஒன்று என்று சரியாக எண்ணுகிறது. உலக மொழிகள் எல்லாவற்றையும் ஒழுங்காக கையாள வேண்டும் என்பதும் இந்த மாற்றத்துக்கு முக்கிய காரணம்.

12 ஆண்டு இழுபறி

பழசை விட யாருக்கும் மனசு வரவில்லை. 2015-ல் மூடுவதாக இருந்த பைத்தான் 2-க்கு மேலும் 5 ஆண்டு கெடு நீட்டிக்கப்பட்டது. 2020 ஜனவரி 1-ந் தேதியோடு ஆதரவு முடிந்தது. கடைசி பதிப்பு அந்த ஆண்டு ஏப்ரலில் வெளியானது.

ஆதரவு முடிந்தது என்றால் என்ன? புரோகிராம் ஓடும். ஆனால் அதில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை உருவாக்கியவர்கள் அடைத்து தரமாட்டார்கள். பூட்டு ரிப்பேர் ஆன வீடு மாதிரிதான்.

3.9 பெரிதா, 3.10 பெரிதா?

2020 முதல் ஒவ்வொரு ஆண்டும் அக்டோபரில் ஒரு புது பதிப்பு வருகிறது. 2020-ல் 3.9, 2021-ல் 3.10 என்று தொடர்ந்து, 2025 அக்டோபர் 7-ந் தேதி 3.14 வந்தது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பள்ளிக்கூட கணக்கில் 3.10-ஐ விட 3.9 பெரிது. பைத்தானில் அப்படி இல்லை. இதை 'மூன்று, பத்து' என்று படிக்க வேண்டும். 9-க்கு பிறகு 10. எனவே 3.10 தான் புதுசு.

ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் 5 ஆண்டு. 3.9-ன் ஆயுள் 2025 அக்டோபரில் முடிந்தது. 3.10-க்கு 2026 அக்டோபர் வரைதான் கெடு.

முதலில் எல்லா முடிவும் கைடோ கையில்தான் இருந்தது. 2018 ஜூலையில் அவர் அந்த பொறுப்பில் இருந்து ஒதுங்கினார். 2019 முதல் தேர்தலில் ஜெயிக்கும் 5 பேர் கமிட்டி முடிவு எடுக்கிறது. எந்த மாற்றம் வரப்போகிறது என்பதை முன்கூட்டியே எழுதி, யாரும் படிக்கும்படி இன்டர்நெட்டில் வைத்து விடுகிறார்கள்.

தினமும் ஓட வேண்டுமா?

தினம் ஒரு செய்தி, தினம் ஒரு வீடியோ என்று 'புதுசு புதுசு' என கூப்பாடு போடுகிறார்கள். எல்லாவற்றின் பின்னாலும் ஓடினால் மூச்சுதான் வாங்கும்.

அடிப்படை மாறுவதில்லை. கணக்கு போடுவது, நிபந்தனை வைப்பது, ஒரே வேலையை திரும்ப திரும்ப செய்ய வைப்பது, இவை 3.9-லும் 3.14-லும் ஒன்றுதான். ஒவ்வொரு பதிப்போடும் 'புதுசு என்ன?' என்று ஒரு பக்கத்தை பைத்தான் இணையதளத்தில் போடுகிறார்கள். அக்டோபரில் அதை ஒரு தடவை நிதானமாக படித்தாலே முக்கால்வாசி விஷயம் புரிந்து விடும்.

போலி சரக்கு, உஷார்!

பிறர் எழுதிய ரெடிமேட் புரோகிராம்களை இலவசமாக எடுத்துக்கொள்ள பைத்தானில் பொது கிடங்கு உண்டு. யார் வேண்டுமானாலும் அதில் சரக்கு வைக்கலாம். திருட்டு பேர்வழிகளும் வைக்கிறார்கள்.

2017-ல் சுலோவாகியா நாட்டு பாதுகாப்பு அமைப்பு இப்படி 10 போலிகளை கண்டுபிடித்து சொன்னது. பிரபலமான பெயரில் ஒரே ஒரு எழுத்தை விட்டு விடுவது போன்ற தந்திரங்கள் அதில் இருந்தன. அவசரத்தில் டைப் அடிப்பவர் அதில் விழுந்து விடுவார்.

2022 நவம்பரில் சாட்ஜி.பி.டி. வந்த பிறகு, புரோகிராமை ஏ.ஐ.யிடமே எழுதி வாங்குபவர்கள் அதிகம். ஆனால் ஏ.ஐ. சில நேரம் இல்லாத சரக்கின் பெயரையும் இருப்பதாக சொல்லும். அதே பெயரில் திருடன் ஒன்றை வைத்திருந்தால் அவ்வளவுதான். பெயரை சரிபார்க்காமல் எதையும் இறக்கக்கூடாது.

பீஸ் கட்டும் முன்...

பிள்ளைகளை கோர்சில் சேர்க்கும் பெற்றோர் கேட்க வேண்டியவை:-

* எந்த பதிப்பு சொல்லித் தருகிறீர்கள்? பைத்தானை திறந்ததும் முதல் வரியிலேயே எண் தெரியும். 2 என்று ஆரம்பித்தால் வேண்டாம்.

* சாப்ட்வேருக்கு தனி காசு கேட்கிறார்களா? பைத்தான் இலவசம். அதன் சொந்த இணையதளத்தில் யாரும் டவுன்லோடு செய்யலாம்.

* பிள்ளை தன் கையாலேயே புரோகிராம் எழுதி ஓட்ட நேரம் தருவார்களா? சர்டிபிகேட்டை விட, சொந்தமாக எழுதிய நாலு புரோகிராம்தான் இன்டர்வியூவில் பேசும்.

* 'வேலை உறுதி, முதலில் டெபாசிட் கட்டு' என்கிறார்களா? கட்டாதீர்கள். ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுக்கலாம்.

பீஸ் கட்ட வசதி இல்லாத பிள்ளைகளும் பைத்தானின் சொந்த இணையதளத்தில் உள்ள பாடத்தை காசு செலவில்லாமல் படிக்க முடியும் என்பது குறிப்பிடத்தக்கது.