மடக்குக் கத்தி

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் ஏடெழுதும் வழக்கம் இருந்த நாளில், புலவர் சிலர் மடக்கெழுத்தாணி என்னும் கருவியை வைத்திருந்தனர். அதன் பிடியில் ஒருபுறம் எழுதும் ஆணியும் மறுபுறம் பனையேடு வாரும் கத்தியும் மடங்கி அமைந்திருக்கும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் இதனைக் குறித்துள்ளார். வாழையிலை அறுக்கவும் ஈர்க்குச் சீவவும் இன்று நாம் சிறு விலைக்கு வாங்கும் மடக்குக் கத்தியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

இதனை வாங்குவோர் பெரும்பாலும் அலகின் பளபளப்பையே நோக்குவர். அது போதாது. அலகு, மடக்காணி, பிடி ஆகிய மூன்றையும் ஆராய்தல் வேண்டும்.

அலகு செய்யும் எஃகு இருவகைப்படும். கரி மிகுந்த எஃகினைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்தால் கடினமுறும். மீண்டும் அளவாகச் சூடு காட்டினால் எளிதில் ஒடியாது. அது கூர்மையை நெடுநாள் காக்கும், தீட்டுதலும் எளிது. ஆயினும் வாழைச்சாறு பட்டால் கறுக்கும், ஈரத்தில் துருவேறும். ஆகவே துடைத்து எண்ணெய் தடவி வைத்தல் வேண்டும். மற்றொன்று, குரோமியம் கலந்த துருவேறா எஃகு. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் ஆரி பிரியர்லி என்பவர் இவ்வகை எஃகொன்றை உருவாக்கினார். துருவேறாமை வேறு, கூர்மை வேறு. எவர்சில்வர் தட்டுச் செய்யும் எஃகு, தோய்த்தாலும் கடினமுறாது. அத்தகைய எஃகினால் ஆகிய அலகு எவ்வளவு மின்னினும் விரைவில் மழுங்கும்.

கத்தியின் உயிர்நிலை மடக்காணியே. தறையாணி தளர்ந்தால் இறுக்குதல் அரிது. திருகாணியை நாமே இறுக்கலாம். விரித்த அலகு தானே மடங்காதிருக்க வில்லேனும் வளையமேனும் வேண்டும். பிரான்சு நாட்டு ஒப்பினெல் கத்தி எளிய மரப்பிடி உடையது; 1955-ஆம் ஆண்டில் அதன் கழுத்தில் ஒரு சுழல் வளையம் சேர்க்கப்பட்டது. அதனைத் திருப்பினால் அலகு அசையாது நிற்கும்.

யான் சிறுவனாயிருந்தபோது திருவிழாக் கடையொன்றில் பளபளக்கும் கத்தி வாங்கினேன். இலை நறுக்கும்போது அது திடீரென மடங்கியது. எழுதும்போதெல்லாம் அவ்வடு என் விரலில் தோன்றுகிறது. அலகில் குறையில்லை, ஆணியில்தான் குறை.

பிடி மரமாயின் கைக்கு இதமாக இருக்கும். ஈரத்தில் பருத்து அலகை இறுகப் பற்றவும் கூடும். பிளாஸ்டிக்குப் பிடி ஈரத்திற்கு அஞ்சாது. மெல்லியதாயின் ஆணியருகே விரிசல் காணும்.

மாணவர்களே! கத்தி வாங்குங்கால் அதனை விரித்து, அலகின் முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடுமாயின், விலை எத்துணைக் குறைவாயினும் அதனை வாங்காதீர்கள். மலிவாக வாங்குவது தவறன்று. ஆராயாமல் வாங்குவதே தவறு.