விரல் நீள சாசேஜும் ஒரு பிடி நெத்திலியும்

சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் விரல் நீளக் கோழி சாசேஜ் பாக்கெட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் கை நீட்டுகிறார்கள். முள் இல்லை, ஆயும் வேலை இல்லை. வேலைக்கு ஓடும் அம்மாக்களுக்கும் அதுதான் வசதி.

சத்து இல்லாத பண்டம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. 100 கிராமில், அதாவது ஏறக்குறைய நான்கு சின்ன சாசேஜில், 12 முதல் 15 கிராம் புரதம் கிடைக்கும். இரண்டு முட்டைக்குச் சமம். வைட்டமின் பி12-உம் உண்டு. ஆனால் கூடவே கணிசமான கொழுப்பும், சுமார் 2 கிராம் உப்பும் உள்ளே போகின்றன. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வெந்த பிறகும் பல சாசேஜ்கள் இளஞ்சிவப்பாகவே இருக்கக் காரணம் நைட்ரைட். நச்சுக் கிருமி வளராமல் தடுக்க அதைச் சேர்க்கிறார்கள். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் சேர்த்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது அதன் கணக்கு. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதற்காக இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பொருளல்ல. ஆதாரம் அவ்வளவு உறுதி என்று பொருள். என்றைக்கோ தின்னும் இரண்டு துண்டுக்குப் பயப்பட வேண்டாம், தினசரி டிபன் பாக்ஸில்தான் அது கூடாது.

வடசென்னையின் சடையங்குப்பத்துக்காரர்களுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் தொலைவில்லை. அங்கே வாங்கும் நெத்திலியில் சாசேஜைவிடக் கூடுதல் புரதம், குறைந்த கொழுப்பு. முள்ளோடு மெல்லுவதால் கால்சியமும் சேரும். கருவாடென்றால் உப்பு அதிகம். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். முட்டையும் சுண்டலும் பருப்பும் அப்போது கைகொடுக்கும்.

மீன் தின்னுங்கள் என்று சொல்வது மட்டும் போதாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் மீன்பிடித் தொழிலே முடங்கியது. அந்த முகத்துவாரம் சுத்தமாக இருப்பதும் இந்தப் பகுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டு விஷயம்தான்.

சாசேஜ் வாங்கும் நாளில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கலாம். 100 கிராமுக்குச் சோடியம் 800 மில்லிகிராம் என்றிருந்தால் அதை இரண்டரையால் பெருக்க வேண்டும்; 2 கிராம் உப்பு. எண்ணெயில் கருக விடாமல் வேகவைத்து, வட்டமாக நறுக்கி, கேரட், பீன்ஸ் பொரியலில் போடலாம். அந்தப் பொரியலுக்குத் தனியாக உப்பு வேண்டாம். அன்றைக்கு அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம்.