தலையெழுத்தல்ல, கையெழுத்து!

திருவண்ணாமலையிலே ரமணாசிரமம் பகுதியைத் தொட்டுச் செல்லும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. வலம் வருவோர் மட்டுமா அங்கே? ஆட்டோ ஓட்டுவோர், மூட்டை தூக்குவோர், நடைபாதையிலே கடை விரிப்போர் என உழைத்துப் பிழைப்போரும் ஏராளம். அவர்களிலே ஒருவர் தொண்டைப் புற்று கண்டு படுத்தால், ஊரார் சொல்லும் முதல் வார்த்தை என்ன? "எல்லாம் அவன் தலையெழுத்து!"

நாம் அதை ஏற்பதற்கில்லை. எழுத்து உண்டு, ஆனால் அது இருக்குமிடம் குருதி. எழுதியவை பீடியும் புட்டியும்!

விந்தையா? விளக்குவோம். நம் மரபணுக்களின் மீது மெத்தில் என்னும் நுண்ணிய வேதிக்குறிகள் ஒட்டுகின்றன; உதிர்கின்றன. மரபணு மாறுவதில்லை, அது வேலை செய்யும் அளவு மாறுகிறது. புகைப்போரின் குருதியிலே, ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவில் இக்குறி குறைந்து காணப்படுகிறது. மிகுதியாகக் குடிப்போருக்கும் தனி அடையாளங்கள் உண்டென்று, 13,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. "எப்போதாவது ஒரு மடக்கு" என்று வாய் சொல்லலாம்; குருதி வேறு கணக்குச் சொல்லக்கூடும்.

புகைப்பவர் இதனை ஏன் கருத வேண்டும்? மது உடலுக்குள் அசிட்டால்டிஹைடு என்னும் நஞ்சாகிறது. புகையிலும் அந்நஞ்சு உண்டு. வாயின் மென்தோலை மது இளக்க, புகையின் நஞ்சு எளிதில் உள்ளே இறங்குகிறது. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற கணக்கு இங்கே செல்லாது. நாளொன்றுக்கு இரண்டு பெட்டி சிகரெட்டும் நான்கு கோப்பைக்கு மேல் மதுவும் கொள்வோருக்கு, வாய், தொண்டைப் புற்றின் ஆபத்து 35 மடங்கு என்றது 1988-இல் அமெரிக்க ஆய்வு.

அமெரிக்கக் கணக்கு நமக்கெதற்கு என்பீர்களா? முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையமும், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் 2,700-க்கும் மேற்பட்ட ஆண் நோயாளிகளை ஆராய்ந்தன. முடிவு 2003-இல் வெளிவந்தது. புகைத்தல், புகையிலை மெல்லுதல், குடித்தல் ஆகிய மூன்றும் தனித்தனியே கேடு. வாய்ப் புற்றிலோ, கூட்டுச் சேர்ந்தால் பெருங்கேடு! விட்டவர்க்கு ஆபத்து குறைந்தது என்றும் அவ்வாய்வு கூறிற்று.

அதே 2003-இல்தான் சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. 1939-இல் மதுவிலக்குக் கண்ட வடஆற்காட்டின் பகுதியல்லவா இந்தத் திருவண்ணாமலை? விற்கும் கைக்கு மீட்கும் கடமை இல்லையா?

நாம் கேட்பது மூன்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலே "புகைப்பதுண்டா?" என்று கேட்கும்போதே "குடிப்பதுண்டா?" என்றும் கேட்கட்டும். மது வருவாயிலே ஒரு பங்கு, தாலுகாதோறும் மீட்பு மருத்துவத்துக்குச் செல்லட்டும். குருதிச் சோதனை நாளை பரவுமானால், அது நோய் தீர்க்க உதவட்டும். வேலை மறுக்கவோ காப்பீடு மறுக்கவோ ஆயுதமாக வேண்டாம்.

புகைப்பதை விட்டவர் குருதியிலே அந்தக் குறி ஆண்டுகள் செல்லச் செல்லப் பழைய நிலையை நோக்கித் திரும்புகிறது. ஆகவே உழைக்கும் தோழர்களே, இது தலையெழுத்தன்று, உங்கள் கையெழுத்து. எழுதிய கையே அழிக்கட்டும்!